டெலியா வட்டம் போட்ட தடம்

டெலியா கெர்கினா ஒரு காலத்தில் டென்னிஸ் ஆடினாள் என்பது பிரெய்லா ஊரில் எல்லோருக்கும் தெரியும். ஏன் விட்டாள் என்பதுதான் யாருக்கும் தெரியாது. மணிக்கட்டு போய்விட்டது என்று பாதிப் பேர் சொல்வார்கள். அம்மாவுக்கு ஆபரேஷன் நடந்ததே, அதனால்தான் என்பார்கள் மீதிப் பேர். இரண்டையும் அவளே வெவ்வேறு சமயங்களில் சொல்லியிருக்கிறாள். இரண்டும் பொய் இல்லை. மணிக்கட்டு வலித்தது உண்மை, அம்மா ஆஸ்பத்திரியில் கிடந்ததும் உண்மை. ஆனால் இவை எதுவும் காரணம் இல்லை என்பது அவளுக்குத் தெரியும். எது காரணம் என்று கேட்டால் அவளும் நம்மைப் போல விழிப்பாள்.

அப்பாவின் பெயர் ஃபெனெல், துறைமுகத்தில் கிரேன் ஓட்டினார். அம்மா சட்டைத் தொழிற்சாலையில் காலர் தைத்தாள். பள்ளிக்கூடம் மதியத்துக்கு மேல்தான் என்பதால் காலை நேரத்தில் பிள்ளையை எங்கே விடுவது என்று தெரியாமல், டான்யூப் கரைக்குப் பின்னால் இருந்த கிளப்பில் எட்டு வயதில் கொண்டுபோய்ச் சேர்த்தாள். அங்கே நான்கு செம்மண் ஆடுகளங்களும் ஒரு துருப்பிடித்த தண்ணீர்க் குழாயும் இருந்தன, கோஸ்தெல் என்ற கோச்சும் இருந்தார். கோஸ்தெல் அதற்கு முன் ஹேண்ட்பாலில் கோல்கீப்பர். அதனால் டென்னிஸையும் அவர் அப்படித்தான் சொல்லிக்கொடுத்தார்: எது வந்தாலும் தடு. டெலியா தடுத்தாள். பலமாக அடிக்கத் தெரியாது, சர்வ் சுமார்தான், வலை பக்கம் போகவே பயம். ஆனால் அடித்த பந்து திரும்பி வந்துகொண்டே இருக்கும். எதிரே ஆடுகிறவர்கள் வெறுத்துப்போய்த் தப்பாக அடிப்பார்கள். பதினைந்து வயதுக்குள் நாடு முழுக்க அவளுக்குச் 'சுவர்' என்று பெயர் விழுந்துவிட்டது.

அந்தப் பெயரை வைத்தவள் ரலூகா. ரிம்னிக் ஊர்க்காரி. இவளுக்கு நேர் எதிர். ஒவ்வொரு பந்தையும் பழைய பகை மாதிரி அடிப்பாள், அடித்தது வலையில் பட்டால் மட்டையைத் திட்டுவாள், மட்டையைச் செய்தவனின் குடும்பத்தையும் திட்டுவாள். பதினாலு வயதில் ஒரு பயிற்சி முகாமில் இரண்டு பேரையும் ஒரே அறையில் போட்டார்கள். அதற்குப் பிறகு இரட்டையர் ஆட்டத்தில் ஜோடி, தங்குவது ஒரே அறை, சாப்பிடுவது ஒரே டப்பா. ரலூகாவின் அப்பா ஜீக்குதான் வண்டி ஓட்டுவார். அவருடைய பழைய டாச்சியா காரில் பின்சீட்டின் ஒரு பக்கக் கதவு திறக்காது. மறுபக்கம் வழியாக இரண்டு பேரும் ஏறி, மட்டைப் பைகளை மடியில் வைத்துக்கொண்டு நாடு முழுக்கச் சுற்றினார்கள். ஹாஸ்டல் அறையில் மின்சாரக் கெட்டிலில் முட்டை அவிப்பார்கள், டெலியாவின் அம்மா கட்டிக் கொடுத்த கத்தரிக்காய்ப் பச்சடியை ரொட்டியில் தடவித் தின்பார்கள். பதினெட்டு வயதில் இருவரும் ஒரே மாதத்தில் தொழில்முறை ஆட்டக்காரர்களாகப் பெயர் கொடுத்தார்கள். தரவரிசையில் எழுநூறு, எண்ணூறு என்ற இடத்தில் இரண்டு பேரும் மாறி மாறி இருந்தார்கள்.

2010 ஜூலையில் பித்தெஷ்த் நகரத்தில் ஒரு சின்னப் போட்டி. தகுதிச் சுற்றின் கடைசி ஆட்டத்தில் சீட்டு எடுத்தபோது இந்த இரண்டு பேருமே எதிரெதிரே விழுந்தார்கள்.

"சரி விடு, எப்படியும் நம்ம ரூம்ல இருந்து ஒருத்தி உள்ளே போவா," என்றாள் ரலூகா. காலையில் கெட்டிலில் நான்கு முட்டை அவித்து ஆளுக்கு இரண்டு தின்றுவிட்டுப் போனார்கள்.

அந்த மாதிரிச் சின்னப் போட்டிகளில் தகுதிச் சுற்றுக்கு ஆடுகளத்துக்கு ஒரு அம்பயர் எல்லாம் கிடையாது. ஒரே அம்பயர் ஆறு ஆடுகளங்களையும் சுற்றிக்கொண்டிருப்பார். அவரவர் பக்கத்தில் விழும் பந்துக்கு அவரவரே உள்ளே, வெளியே சொல்லிக்கொள்ள வேண்டும். செம்மண் என்பதால் பந்து விழுந்த இடத்தில் தடம் இருக்கும். சந்தேகம் வந்தால் எதிராளி வலையைச் சுற்றி வந்து தடத்தைப் பார்க்கலாம். அதற்கும் ஒத்துவராவிட்டால் அம்பயரைக் கூப்பிடலாம்.

அன்றைக்குக் காற்று. தண்ணீர் தெளித்த மண் அரை மணியில் காய்ந்துவிட்டது. முதல் செட் ரலூகாவுக்கு, இரண்டாவது டெலியாவுக்கு. மூன்றாவது செட்டில் ஆறுக்கு ஐந்து என்று ரலூகா முன்னால். இன்னும் ஒரே ஒரு பாயிண்ட் எடுத்தால் அவள் ஜெயித்துவிடுவாள். டெலியா சர்வ் போட்டாள். பந்து இருபது முறையாவது வலையைத் தாண்டிப் போய்வந்திருக்கும். கடைசியில் ரலூகா தன் வழக்கப்படி உயிரைக் கொடுத்து ஒன்று அடித்தாள். அது டெலியாவின் இடது காலுக்குப் பின்னால், கடைசிக் கோட்டுக்குப் பக்கத்தில் விழுந்தது. டெலியா விரலை உயர்த்தினாள்.

"வெளியே!"

ரலூகா இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நின்றாள். பிறகு வலையைச் சுற்றி நடந்து வந்தாள். டெலியா மட்டையின் நுனியால் ஒரு தடத்தைச் சுற்றி வட்டம் போட்டாள். கோட்டுக்கும் தடத்துக்கும் நடுவில் ஒரு விரல் இடைவெளி இருந்தது. ரலூகா குனிந்து பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள். ஒரு வார்த்தை சொல்லவில்லை. திட்டவில்லை. அம்பயரைக் கூப்பிடவில்லை. திரும்பித் தன் பக்கத்துக்கு நடந்து போய்விட்டாள்.

அவள் முதுகைப் பார்த்துக்கொண்டு நின்றபோதுதான் டெலியாவின் கண்ணில் இன்னொரு தடம் பட்டது. வட்டம் போட்ட தடத்துக்கு அரையடி இடது பக்கம். கோட்டைத் தொட்டுக்கொண்டு இருந்தது. புதுத் தடமா, பழைய தடமா? இரண்டு மணி நேரமாக ஆடிய மண்ணில் எத்தனையோ தடங்கள் இருக்கும். டெலியா அதையே பார்த்தாள். காற்று ஒரு முறை வீசியது. இப்போது இரண்டு தடங்களும் ஒரே மாதிரி இருந்தன.

ஆறுக்கு ஆறு என்று சமமாகி, முடிவுக்காக ஆடிய டை-பிரேக்கில் டெலியா ஜெயித்தாள். ஜெயித்தது மட்டும் இல்லை, அந்த வாரம் முழுக்க யார் வந்தாலும் ஜெயித்தாள். ஞாயிற்றுக்கிழமை கோப்பையை வாங்கினாள். அவள் வாழ்க்கையில் வாங்கிய ஒரே கோப்பை அதுதான். ரலூகா தோற்ற அன்றே ஊருக்குப் போகாமல், ஞாயிறு வரை இருந்து கைதட்டினாள். கட்டிக்கொண்டு, "சுவரே, ஒரு வழியா உன்னால நம்ம ரூமுக்குப் பேரு வந்துச்சு," என்றாள். அவள் குரலில் ஒன்றும் வித்தியாசம் இல்லை. அல்லது இருந்ததா? டெலியா பல தடவை அந்தக் குரலை மனதுக்குள் ஓட்டிப் பார்த்தாள். ஒரு தடவை இருந்த மாதிரி தெரியும், அடுத்த தடவை இல்லாத மாதிரி தெரியும்.

மூன்று வாரம் கழித்து ரலூகா டென்னிஸை விட்டுவிட்டாள். அத்தை இருந்த ஊரில், ஸ்பெயினில், ஆரஞ்சுப் பழம் பெட்டி கட்டும் வேலைக்குப் போய்விட்டாள் என்று ஜீக்கு மாமா போனில் சொன்னார்.

"ஏன் மாமா? என்ன ஆச்சு?"

"என்னைக் கேட்டா? ஒரு நாள் காலைல, போதும்ப்பான்னா. அவ்வளவுதான். உங்கிட்டகூடச் சொல்லலையா?"

சொல்லவில்லை. டெலியா போனைக் கையில் வைத்துக்கொண்டு கிளப் சுவர் ஓரமாக ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தாள்.

அதற்குப் பிறகு ஒரு வருஷம் அவள் தரவரிசையில் ஏறிக்கொண்டே போனாள். அதுதான் வேடிக்கை. முந்நூற்றுத் தொண்ணூற்று ஒன்று வரை போனாள். பிரெய்லா பத்திரிகையில் படம் வந்தது. துறைமுகத்தில் அப்பாவை, 'சாம்பியனோட அப்பா' என்று கூப்பிட்டார்கள். ஆனால் ஆடுகளத்தில் அவளுக்குள் ஏதோ ஒன்று கழன்றுகொண்டிருந்தது. கோட்டுக்குப் பக்கத்தில் விழும் ஒவ்வொரு பந்தும் அவளுக்கு இரண்டாகத் தெரிந்தது. கண்ணுக்கு இல்லை, மனசுக்கு. வெளியே என்று விரலைத் தூக்கப் போவாள். ஒருவேளை உள்ளேயோ என்று தோன்றும். கையை இறக்கிவிட்டுப் பந்தை அடிப்பாள். முதலில் விரலளவு வெளியே போன பந்துகளை எடுத்து ஆடினாள். பிறகு சாண் அளவு. ஒரு முழம் தள்ளி விழுந்ததையும் ஆடினாள். மற்ற பெண்களுக்கு விஷயம் தெரிந்துவிட்டது. "டெலியாவோட ஆடறப்போ கோடே கிடையாது, தைரியமா அடி," என்று உடை மாற்றும் அறையில் சொல்லிச் சிரித்தார்கள்.

அம்பயர் இருக்கும் ஆட்டத்திலும் இதே கதைதான். ஒரு முறை அம்பயர் நாற்காலியிலிருந்து இறங்கி வந்து, "எந்தத் தடம்மா, காட்டு," என்றார்.

"தெரியல," என்றாள்.

"உன் கண்ணு முன்னாடி விழுந்துச்சு!"

"ஆமா. ஆனா எதுன்னு தெரியல."

கோஸ்தெல் வெளியே கம்பி வேலியைப் பிடித்துக்கொண்டு கத்தினார். "அடியே, உனக்குத் தெரியலைன்னா வேற எவளுக்குடி தெரியும்? வாயத் தொறந்து ஒண்ணச் சொல்லு! தப்பாவாச்சும் சொல்லு!"

அம்மா கலாட்ஸில் ஒரு கண் டாக்டரிடம் கூட்டிப் போனாள். டாக்டர் எழுத்துகளைப் படிக்கச் சொன்னார், கடைசி வரி வரைக்கும் படித்தாள். அச்சுக்கூடத்தின் பெயர் கீழே பொடியாக இருந்தது, அதையும் படித்தாள். "இந்தப் பொண்ணுக்குக் கண்ணுல ஒண்ணும் இல்ல. எனக்கு இப்படி ஒரு கண்ணு இருந்தா நான் விமானம் ஓட்டியிருப்பேன்," என்று டாக்டர் அனுப்பிவிட்டார்.

உயிர்த்த ஞாயிறுக்கு முந்தின வாரம் பாவசங்கீர்த்தனத்துக்குப் போனாள். அதுவரை யாரிடமும் சொல்லாததைச் சாமியாரிடம் சொன்னாள்.

"சாமி, ஒரு பந்து உள்ளே விழுந்துச்சா வெளியே விழுந்துச்சான்னு எனக்குத் தெரியல."

"யார் வீட்டுக்குள்ள?"

"வீடு இல்ல சாமி, கோடு. நான் வெளியேன்னு சொன்னேன். அதனால என் சிநேகிதி தோத்துட்டா."

"பொய் சொன்னியா?"

"அப்போ பொய் இல்ல சாமி."

"அப்புறம் என்ன? அப்போ தெரிஞ்சதைத்தானே சொன்னே. அது எப்படிப் பாவமாகும்?"

"அப்போ தெரிஞ்சுதாங்கறதே இப்போ தெரியலையே சாமி."

 சாமியார் மெதுவாக, "ஏம்மா, நீ வேற ஏதாவது பாவம் செஞ்சிருக்கியா? சாதாரணமா, எல்லாரும் செய்யற மாதிரி?" என்று கேட்டார். அம்மாவிடம் இரண்டு முறை எரிந்து விழுந்தேன் என்று டெலியா சொன்னாள். அதைக் கேட்டதும் அவருக்கு நிம்மதியாகிவிட்டது. புதன், வெள்ளி விரதம் இருக்கச் சொன்னார். அந்தப் பெண்ணைப் பார்த்து நேரே கேட்டுவிடு என்றும் சொன்னார்.

விரதம் இருந்தாள். கேட்கத்தான் முடியவில்லை. ஜீக்கு மாமா தந்த ஸ்பெயின் எண்ணுக்குப் போன் போட்டால் புரியாத பாஷையில் ஒரு பெண் பேசினாள். கடிதம் எழுதலாம் என்று உட்கார்ந்தாள். மூன்று தடவை எழுதினாள். முதல் கடிதத்தில் தடம் கோட்டிலிருந்து ஒரு விரல் தள்ளி இருந்தது என்று எழுதியிருந்தாள். இரண்டாவதில் கோட்டைத் தொட்டது என்று இருந்தது. மூன்றாவதை முடிக்கவில்லை. மூன்றையும் ஒன்றாக வைத்துப் படித்தபோது எழுதியது யாரோ மூன்று பேர் என்று தோன்றியது. கிழித்துப் போட்டாள்.

2012 செப்டம்பரில் ஆராத் நகரத்தில் ஒரு போட்டி. புக்கரெஸ்ட் ரயில் நிலையத்தில் வண்டி மாற வேண்டும். ஆராத் வண்டி ஒரு நடைமேடையில் நின்றது, பிரெய்லா வழியாகக் கலாட்ஸ் போகிற வண்டி எதிர் நடைமேடையில் நின்றது. டெலியா ஒரு சுற்று ரொட்டி வாங்கித் தின்றாள். பையைத் தூக்கினாள். ஏறி ஜன்னல் ஓரம் உட்கார்ந்தாள். வண்டி நகர்ந்தது.

டிக்கெட் பார்க்க வந்தவர் சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இது ஆராத் டிக்கெட்டும்மா. இந்த வண்டி கலாட்ஸ் போகுது."

"தெரியும்."

"தெரிஞ்சேவா ஏறினே?"

டெலியா யோசித்தாள். தெரிந்து ஏறினேனா, தெரியாமல் ஏறினேனா? "அதுதான் தெரியல," என்றாள்.

அவர் அவளையும் மட்டைப் பையையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, ஒன்றும் எழுதாமல் அடுத்த பெட்டிக்குப் போய்விட்டார்.

வீட்டுக் கதவை அப்பா திறந்தார்.

"என்னடி, மழையா?"

"இல்லப்பா."

"தோத்துட்டியா?"

"இல்ல."

"ஜெயிச்சுட்டியா?"

"இல்லப்பா."

"அப்போ என்னதான் ஆச்சு?"

"வந்துட்டேன்."

 அப்பா பீன்ஸ் சூப்பைச் சூடு பண்ணி, வெங்காயம் நறுக்கிப் பக்கத்தில் வைத்தார். மறுநாள் கோஸ்தெல் வந்து மேஜையைத் தட்டித் தட்டிப் பேசினார், கடைசியில் அழுதார். டெலியாவும் அழுதாள். ஆனால் ஆடப் போகிறாயா என்று கேட்டபோது தலை இல்லை என்று ஆடியது. அதைப் பார்த்து அவளுக்கே ஆச்சரியம். அம்மாவின் ஆபரேஷன் அந்தக் குளிர்காலத்தில் வந்தது. ஊருக்கு ஒரு காரணம் கிடைத்தது.

இரண்டு வருஷம் கழித்து ட்ராம் ஓட்டப் பயிற்சி எடுத்து வேலைக்குச் சேர்ந்தாள். நல்ல ஓட்டுநர் என்று பெயர் எடுத்தாள். காலை முதல் வண்டி அவளுடையது. மீன் சந்தைக்குப் போகிற கிழவிகள் அவளுக்குப் பெயர் சொல்லி வணக்கம் வைப்பார்கள். அதில் அவள் சந்தோஷமாகத்தான் இருந்தாள். டிப்போ மெக்கானிக் ஒருவன் இரண்டு வருஷம் அவள் பின்னால் சுற்றினான். ஆம் என்றும் சொல்லாமல் இல்லை என்றும் சொல்லாமல் அவனை அலைக்கழித்தாள். அவன் அலுத்துப்போய் வேறு ஒருத்தியைக் கட்டிக்கொண்டான். கல்யாணத்துக்குப் போய் நன்றாகச் சாப்பிட்டுவிட்டு வந்தாள்.

2019 மார்ச்சில் ஒரு மதியம், ஷிப்ட் முடிந்து டிப்போவில் கை கழுவிக்கொண்டிருந்தபோது போன் வந்தது. தெரியாத எண்.

"ஏய் சுவரு! உசிரோட இருக்கியாடி?"

ஒன்பது வருஷம் கழித்து அந்தக் குரல். டெலியா குழாயை மூடினாள்.

"ரலூகா?"

"பின்ன வேற யாரு உன்னைச் சுவருன்னு கூப்பிடுவா? கேளு. நான் ஊருக்கு வந்து ஒரு வருஷம் ஆச்சு. கல்யாணம் ஆச்சு. பொண்ணு பொறந்திருக்கா, இலிங்கான்னு பேரு. மே மாசம் ஞானஸ்நானம். நீதான் ஞானத்தாய்."

"நானா?"

"நீதான்."

"ஏன்டி நானு? ஒன்பது வருஷமா ஒரு கடுதாசி இல்ல, போன் இல்ல..."

"நேர்ல வா, சொல்றேன். சடங்குக்கு ஞானத்தாய்தான் மெழுகுவத்தி கொண்டுவரணும், பெருசா வாங்கிட்டு வா, எங்க ஊர்ல கேவலமா இருக்கும்."

அந்த இரண்டு மாதமும் டெலியாவுக்கு ஒரே குழப்பம். ஞானத்தாய் என்றால் சும்மா இல்லை, பிள்ளைக்கு வாழ்நாள் உறவு. தன்னைத் தோற்கடித்தவளை, அதுவும் அப்படித் தோற்கடித்தவளை யாராவது அந்த இடத்தில் வைப்பார்களா? மன்னித்துவிட்டாளா? இல்லை, எல்லோர் முன்னிலையிலும் கேட்கப் போகிறாளா? மறந்தே போய்விட்டாளா? மூன்றில் எது நல்லது என்றுகூட அவளால் முடிவு செய்ய முடியவில்லை. மெழுகுவத்தி மட்டும் பெரிதாக வாங்கினாள்.

சனிக்கிழமை மதியம் ரிம்னிக்கில் போய் இறங்கினாள். ரலூகா பருத்திருந்தாள், முடியைக் குட்டையாக வெட்டியிருந்தாள். அதே சத்தம். சமையலறையில் ஒரு மலை அளவு முட்டைக்கோஸ் இலை, ஒரு அண்டா நிறைய இறைச்சிக் கலவை. விருந்துக்கு இருநூறு சர்மாலே சுருட்ட வேண்டும். ரலூகாவின் கணவன் சான்டு குழந்தையைத் தூக்கிக்கொண்டு வெளியே போய்விட்டான். இரண்டு பேரும் எதிரெதிரே உட்கார்ந்து இலையில் இறைச்சியை வைத்துச் சுருட்டத் தொடங்கினார்கள். இருபது ஆனது, முப்பது ஆனது. நாற்பதாவதில் டெலியாவால் தாங்க முடியவில்லை.

"ரலூகா, அந்தப் பந்து..."

ரலூகாவின் கை நின்றது.  "நீயே ஆரம்பிச்சுட்டியா," என்றாள். "நான் நாளைக்குச் சடங்கு முடிஞ்சப்புறம் சொல்லலாம்னு இருந்தேன். மன்னிச்சுடுடி."

"நீ எதுக்கு மன்னிப்புக் கேக்கற? நான்தானே கேக்கணும்!"

"நீயா? நீ என்ன செஞ்சே? உன் பந்தை வெளியேன்னு சொன்னவ நானு."

டெலியா அவளையே பார்த்தாள். "என்னது?"

"பித்தெஷ்த்துல. மூணாவது செட்டு. ஒரே பாயிண்ட்ல நீ ஜெயிச்சிருக்கணும். உன் பந்து என் கோட்டுல பட்டுது. நான் வெளியேன்னு விரலத் தூக்கிட்டேன். நீ வலையைச் சுத்தி வந்தே. நான் மட்டையால வட்டம் போட்டுக் காமிச்சேன், வேற ஏதோ தடத்தை. நீ குனிஞ்சு பார்த்தே. ஒரு வார்த்தை சொல்லல. திரும்பிப் போயிட்டே."

"இல்ல," என்றாள் டெலியா. "நீதான் வந்தே. நான்தான் வட்டம் போட்டேன்."

"போடி! ஒன்பது வருஷமா நான் அந்த வட்டத்தைக் கனவுல பார்க்கறேன்."

"நான் அந்த வட்டத்தாலதான்டி ஆட்டத்தையே விட்டேன்!"

"நீ மணிக்கட்டால விட்டே. பேப்பர்ல படிச்சேன். அதுவும் என்னாலதான். நான் அன்னைக்கு ஏமாத்தலேன்னா ஆட்டம் அரை மணி முன்னாடியே முடிஞ்சிருக்கும், உன் கைக்கு அவ்வளவு அடி பட்டிருக்காது. அந்தக் கையோட நீ சிரிச்சுக்கிட்டே கோப்பை வாங்கறதைப் பார்த்தேன். சீ, இதுக்கா இவ்வளவு பாடுபட்டேன்னு இருந்துச்சு. அத்தை கூப்பிட்டா, போயிட்டேன்."

 தான் வலையைச் சுற்றி நடந்து போனதாக டெலியாவுக்கு நினைவே இல்லை. எவ்வளவு யோசித்தாலும் வரவில்லை. "ரெண்டு பந்தா இருக்குமோ?" என்றாள். "ஒண்ணு உன் பக்கம், ஒண்ணு என் பக்கம்?"

"ரெண்டு தடவை எவளாவது வாயை மூடிக்கிட்டுத் திரும்பிப் போயிருப்பாளா? அதுவும் நானு? நான் எப்பவாவது பேசாம போயிருக்கேனா?"

அது சரிதான். அந்த மௌனம்தான் டெலியாவை இத்தனை வருஷம் அரித்தது. ரலூகா பேசாமல் போவாளா? போகவே மாட்டாள். அப்படியென்றால் போனது யார்?

"நீ அப்போ ஜெயிக்கற நிலைமையில இருந்தியா, தோக்கற நிலைமையில இருந்தியா?" என்று ரலூகா கேட்டாள்.

"தோக்கற நிலைமைல. ஆறுக்கு அஞ்சு உனக்கு."

"ஆறுக்கு அஞ்சா? அஞ்சுக்கு நாலு உனக்குடி!"

"ஏமாத்தினது நான்தான்!"

"நான்தான்னு சொல்றேன்ல!"

சத்தம் கேட்டு ஜீக்கு மாமா எட்டிப் பார்த்தார். இப்போது கிழவராகிவிட்டார், காதில் பஞ்சு. அந்த ஆட்டத்தை வேலி ஓரமாக நின்று முழுக்கப் பார்த்தவர் அவர் ஒருவர்தான். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் அவரிடம் முறையிட்டார்கள்.

"பித்தெஷ்த்தா?" என்று நெற்றியைச் சுருக்கினார். "நல்லா ஞாபகம் இருக்கே. டெலியா வெளியேன்னு சொன்னா. ரலூகா போய்ப் பார்த்தா. அப்புறம் ரலூகாவே, உள்ளேதான், இவ சரியா பார்க்கலைன்னு அம்பயரைக் கூப்பிட்டா. அம்பயர் வர்றதுக்குள்ள மழை வந்துடுச்சு. மறுநாள் ஆடி முடிச்சீங்க."

"மழையா?" இரண்டு பேரும் ஒன்றாகக் கேட்டார்கள். மண் காய்ந்து காற்றில் பறந்த நாள் அது. அதில் மட்டும் இருவருக்கும் ஒரே நினைவு.

"ஆமா, கார் கண்ணாடி வைப்பர் வேலை செய்யல. அதைத்தான் திட்டிக்கிட்டே வந்தேன்," என்று சொல்லிவிட்டு, ஒரு சர்மாலேயைப் பச்சையாகவே எடுத்துப் பார்த்து, "உப்பு போதுமா?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். முதலில் யார் சிரித்தார்கள் என்று சொல்வதற்கில்லை. சிரித்துச் சிரித்து ரலூகாவுக்குக் கண்ணில் தண்ணீர் வந்தது, பிறகு அது நிற்கவில்லை. டெலியா இறைச்சி ஒட்டிய கையோடு அவள் தலையைப் பிடித்துத் தன் தோளில் சாய்த்துக்கொண்டாள். ஒன்பது வருஷமாகத் தூக்கிச் சுமந்த ஒன்றை இறக்கி வைத்த மாதிரியும் இருந்தது. தான் சுமந்தது என்ன என்பதே தெரியாமல் போய்விட்ட மாதிரியும் இருந்தது. தான் குற்றவாளி இல்லை என்றால், அந்த ஒரு முழம் தள்ளி விழுந்த பந்துகளை எல்லாம் எதற்காக ஆடினோம்? அந்த ரயிலில் எதற்காக ஏறினோம்? கோபம்கூட வந்தது. யார் மேல் என்று தெரியாததால் அது நிலைக்கவில்லை.

"மிச்சத்தைச் சுருட்டுடி," என்றாள் ரலூகா மூக்கைத் துடைத்துக்கொண்டு. "நூத்தறுபது பாக்கி இருக்கு."

மறுநாள் கோயிலில் டெலியா குழந்தையைக் கையில் வாங்கினாள். இலிங்காவுக்கு நான்கு மாதம், நல்ல கனம். வந்த உடனே டெலியாவின் காதைப் பிடித்துக்கொண்டது, விடவே இல்லை. சாமியார் அவர்களை மேற்குப் பக்கம் திரும்பச் சொல்லி, குழந்தைக்காக அவளிடம் கேட்டார்.

"சாத்தானை விட்டுவிடுகிறாயா?"

"விட்டுவிடுகிறேன்," என்றாள் டெலியா. அவள் குரல் கோயில் முழுக்கக் கேட்டது. பின்னால் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். சாமியார் இன்னும் இரண்டு முறை கேட்டார், இரண்டு முறையும் அதே சத்தத்தில் சொன்னாள். ரலூகா முழங்கையால் இடித்து, "மெல்லடி, குழந்தை பயந்துக்கும்," என்றாள். குழந்தை பயப்படவில்லை. தண்ணீரில் முக்கியபோதுதான் வீரிட்டு அழுதது.

பிறகு டெலியா அடிக்கடி ரிம்னிக் போனாள். அந்தப் பந்தைப் பற்றி இருவரும் பேசுவதை நிறுத்தவில்லை. போனில் பேசும்போது இரண்டு நிமிஷமாவது அது வந்துவிடும். ஒரு முறை டெலியா ரலூகாவின் கதையை ஒப்புக்கொள்ளும் அளவுக்கு வந்துவிட்டாள். அதே வாரம் ரலூகா, "நீ சொல்றதும் சரியா இருக்குமோன்னு தோணுதுடி," என்றாள். அதோடு மறுபடியும் எல்லாம் கலங்கிவிட்டது.

இலிங்காவுக்கு ஒரு வயது ஆனபோது முதல் முடி எடுக்கும் சடங்கு. ஞானத்தாய்தான் எடுக்க வேண்டும். தட்டில் சீப்பு, சாவி, பேனா, கண்ணாடி, ரொட்டித் துண்டு என்று வைத்துக் குழந்தையின் முன்னால் நீட்டினார்கள். எதை எடுக்கிறதோ அதுதான் அதன் எதிர்காலம். டென்னிஸ் பந்து மட்டும் வைக்கக் கூடாது என்று இரண்டு பேரும் முன்பே பேசி வைத்திருந்தார்கள். ஜீக்கு மாமா யாருக்கும் தெரியாமல் ஒன்றைக் கொண்டுவந்து வைத்துவிட்டார்.

"அப்பா!" என்று ரலூகா கத்துவதற்குள் குழந்தை கையை வீசியது. பந்து தட்டிலிருந்து தெறித்து, தரையில் உருண்டு, அலமாரிக்கு அடியில் போய்விட்டது. குழந்தை ரொட்டித் துண்டை எடுத்து வாயில் வைத்துக்கொண்டது.

எல்லோரும் கைதட்டினார்கள். பந்தை யாரும் தேடவில்லை. டெலியா கத்தரியை எடுத்தாள். குழந்தையின் நெற்றிக்கு மேலே இருந்த முடியை இரண்டு விரலால் பிடித்து, ஒரே வெட்டில் நறுக்கி, வழக்கப்படி மெழுகில் ஒட்டி ரலூகாவிடம் கொடுத்தாள். திங்கட்கிழமை காலை முதல் வண்டி அவளுடையது. அதனால் கேக் வெட்டும் வரை இருக்க முடியவில்லை. தட்டில் மூடிக் கொடுத்த சாப்பாட்டைக் கையில் பிடித்துக்கொண்டு ரயிலடிக்குப் போனாள்.